குடல்புண்ணுக்குச் செய்த ஜெபம்

ஒட்டிக்கொள்ளச் சொல்லி வாசலில் இருந்த பெண் ஆளுக்கொரு மஞ்சள் வட்டம் கொடுத்தாள், டிக்கெட் எடுத்தவர்கள் என்பதற்கு அடையாளமாம். ரத்தினபாய் தன்னுடையதைக் கோட்டின் இடதுபக்கம் ஒட்டிக்கொண்டாள், எல்லாரும் அங்கேதானே ஒட்டுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் கைக்குட்டை குத்திவிடுகிற இடம். ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் மகள் பியூலா தன்னுடையதை வலதுபக்கம் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். கர்த்தாவே. இடதுபக்க மார்பில்தான் அவளுக்கு அந்தக் கட்டி. கொண்டைக்கடலை தண்டிதாம்மா இருக்கு என்று போன வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், நாளைக்குக் குப்பை வண்டி வரும் என்று சொல்கிற அதே குரலில். ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வருமாம், ஒண்ணும் இருக்காதும்மா, நீ பேசாம ஜெபம் பண்ணிக்கோ. இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. காலையில் கண்விழித்ததிலிருந்து ரத்தினபாய் காதைத் தீட்டிக்கொண்டேதான் இருந்தாள், போன் மணி கேட்கவில்லை. மருமகன் காட்வின் வெளிச்சம் வருமுன்னே வேலைக்குப் போய்விட்டார். குளிக்கிறேன் என்று போன பியூலா தண்ணீரைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்தபோது முகம் மட்டும் கழுவியிருந்தது, தலை நனையவில்லை. கிளம்பும்மா, எங்கயாவது போவோம், வீட்டுக்குள்ள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க முடியாது என்றாள். சரிதானே, காத்திருக்கிற வீட்டில் சுவர்கூடத் தள்ளி நிற்காது. அப்படித்தான் இந்த ஊருக்கு வந்தது. ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை. இந்தக் கனடா தேசத்தில் அங்கங்கே கிடந்த நூற்றைம்பது வருஷத்து வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஊர்போல நட்டுவைத்திருக்கிறார்கள், சம்பளத்துக்கு ஆட்களைப் பிடித்து அந்தக்கால உடுப்பு மாட்டி வீட்டுக்கொருவராக விட்டிருக்கிறார்கள், அவர்கள் அந்தக் காலத்திலேயே இருப்பதுபோல்தான் பேசுவார்களாம், அதற்குப் பின்னால் நடந்தது ஒன்றும் அவர்களுக்குத் தெரியாதாம். தெரியாமல் இருப்பதற்குச் சம்பளம். கொடுத்துவைத்தவர்கள்.

முதல் வீட்டுக்குள் நுழைந்ததுமே புகை வந்து கண்ணில் அடித்தது. சுவரோடு சுவராகப் பெரிய அடுப்பு, அதில் சங்கிலியில் தொங்கும் இரும்புப் பானை, தலையில் வெள்ளைத் துணி கட்டின ஒரு பெண் நீளக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற ஜனம் எல்லாம் மூச்சை இழுத்து இழுத்து அந்தப் புகையை முகர்ந்தது, என்ன வாசம் என்கிறதுபோல. இதற்கா காசு. கல்யாணமாகி வந்து எத்தனை வருஷம் பனமட்டையும் விறகுச் சிராயும் வைத்து ஊதி ஊதி, மழைநாளில் மட்டை பிடிக்காமல் மண்ணெண்ணெய் விட்டு, கண் எரிந்து, மாமியார் என்னத்துக்கு அழுத என்று கேட்க, புகை அத்தை என்று சொல்ல, சில நாள் அது புகை இல்லை என்பது இருவருக்குமே தெரியும். கேஸ் அடுப்பு வந்த அன்று முழங்கால்போட்டு ஸ்தோத்திரம் சொன்னவள் ரத்தினபாய், அவளிடம் போய் விறகடுப்பைக் காட்டினால். முட்டிவேறு வலித்தது. உட்கார ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்காரக்கூடாதென்று குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். அடுப்புக்காரப் பெண் அவர்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். "குதிரைய எங்க கட்டிப்போட்டுட்டு வந்தீங்கன்னு கேக்காம்மா" என்றாள் பியூலா. "வெளிய வரிசையா எத்தன குதிரை வெயில்ல மின்னிக்கிட்டு நிக்கி, அவளுக்குத் தெரியாதாக்கும்? அவ குதிரையும் அங்கனதான நிக்கும்" என்றாள் ரத்தினபாய், வாசலில் நின்ற கார்களை நினைத்து. பியூலா சிரித்துவிட்டாள். இன்றைக்கு முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றதா கண்வரை போனதா என்று பார்க்கத்தான் ரத்தினபாய் திரும்பினாள், அதற்குள் அவள் பானைக்குள் எட்டிப்பார்க்கிறவள்போல் குனிந்துவிட்டாள். ஆண்டவரே போன் வரணும், நல்லபடியா வரணும். அப்போதுதான் அடுப்புக்காரப் பெண்ணின் பாவாடைப் பைக்குள் ஒரு வெளிச்சம் துணியைத் தாண்டித் தெரிந்தது. தேனீ சுற்றுகிறதுபோல ஒரு முனகல். போன்தான். அவள் எடுக்கவில்லை, கை அந்தப்பக்கம் போகக்கூட இல்லை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இன்னும் வரவில்லை என்கிறதுபோலக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கெட்டிக்காரிதான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ, யார் கூப்பிடுகிறார்களோ, கிண்டுகிறாள். வெளிச்சம் கொஞ்சநேரம் துடித்துவிட்டு அணைந்தது.

வெளியே குளிர் வெயில். மரமெல்லாம் சிவந்துபோய் நின்றது, அழகுதான், அழகு என்று சொல்லத் தெம்பில்லை. சரளைப் பாதையில் பியூலா முன்னால் போனாள், இதும்மா கொல்லன் பட்டறை, இதும்மா பள்ளிக்கூடம், இங்க பாரு கழுதை; வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனாள், அம்மா இந்தத் தேசத்துக்கு வந்த ஐந்து மாதத்தில் இவ்வளவு பேசினதில்லை. பேசட்டும், பயத்தில் பேசுகிறாள். ரத்தினபாய் ம் ம் என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்குள் பழையதைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள், போன் வரணும் நல்லபடியா வரணும், ஜெபமும் தேய்ந்துபோகிற வஸ்துதான், சோப்பைப்போல, கடைசியில் கையில் ஒரு சில்லு மட்டும் நிற்கும், நுரை வராது. அடுப்பில் அந்தப் பெண் கிண்டினது என்ன, கஞ்சியா, கீரையா, பச்சையாக ஏதோ மிதந்தது. மணத்தக்காளி. வேண்டாம், அந்தப்பக்கம் போகாதே. போன பிறகு வேண்டாம் என்று சொல்லி என்ன. தேங்காய்ப்பால் எடுத்து, முதல் பால் தனியே, கீரையைப் பூப்போல வேகவிட்டு, உப்பு குறைத்து, காரம் இல்லாமல், அவருக்கு. கரண்ட் ஆபீஸில் கம்பத்தில் ஏறி இறங்கின மனுஷன், பொன்னுத்துரை என்றால் தெருவே எழுந்து நிற்கும், அவர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்து ஒரு கிண்ணம் கீரைச்சாறைக் கண்ணைமூடிக் குடித்தார். குடல்புண் என்றார்கள். மகன் ஜெபசிங்தான் வந்து சொன்னான், பயப்படாதம்மா குடல்புண்தான், கொஞ்சம் முத்திட்டு, நீ ஜெபம் பண்ணு. அவளும் பண்ணினாள். வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம், கோயிலில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று என் வீட்டுக்காரர் குடல்புண்ணுக்காக ஜெபிச்சுக்கிடுங்க என்று கேட்டாள், போதகர் ஐயரின் வீட்டம்மா, ஐயரம்மா, ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டார்கள், அப்போதும் விளங்கவில்லை. ஐயரம்மாவுக்குத் தெரியும். ஐயருக்குத் தெரியும். கொழுந்தன் வீட்டில் எல்லாருக்கும், காலேஜ் விடுதியில் இருந்த பியூலாவுக்கும், பால் ஊற்ற வருகிறவனுக்கும்கூடத் தெரியும். குடலில் புண் இல்லை, ஈரலில் புற்று, அதுவும் முற்றி. அவரை அடக்கம்பண்ணி மூன்றாம் நாள்தான் அவளுக்குச் சொன்னார்கள், அம்மா தாங்கமாட்டா, அவ ஜெபம் பண்றவ, மெல்லிசு. கீரைச்சாறு. ஆண்டவர் என்ன நினைத்திருப்பார். ஒருத்தி தினமும் வந்து இல்லாத நோய்க்காக முழங்கால் தேயத் தேயக் கேட்கிறாள், இருக்கிற நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குத் தெரியாததா, எல்லாம் அறிவார், தப்பான கதவைத் தட்டினாலும் சரியான கதவைத் திறக்கிறவர்தான் என்று ஐயர் ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனாலும் புருஷனுக்காகக் கேட்கவேண்டியதை அவள் கேட்கவில்லை. சுகம் வேண்டாம், வலி இல்லாமப் போகட்டும் என்றாவது கேட்டிருக்கலாம். ராத்திரி கையைப் பிடித்துக்கொண்டு நெசத்தைப் பேசியிருக்கலாம். அவர் ஒருநாள் என்ன சொன்னார், ரத்தினம், நீ ஒருத்திதான் என்கிட்ட சாதாரணமாப் பேசுத. அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

"எம்மா, கால் வலிக்கா? உக்காருதியா?" பியூலா திரும்பி நின்று கேட்டாள். இல்லட்டி, நட. பாதை முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கோயில் நின்றது. வெள்ளை மரப்பலகைக் கோயில், உச்சியில் ஒரு மணி, மேலே சிலுவை. ரத்தினபாய்க்கு உடம்பிலிருந்து பாரம் இறங்கினதுபோல் இருந்தது, வீடு பட்டறை கழுதை எல்லாவற்றையும் விட்டு இதற்குத்தான் கூட்டிவந்தாயா ஆண்டவரே. படியருகில் வந்ததும் கால் தானாக நின்றது, உடம்பு தானாகக் குனிந்தது. மருமகன் வாங்கிக்கொடுத்த கனத்த ஷூவின் ஒட்டுப்பட்டையைக் கர்ரென்று பிரித்து ஒன்றைக் கழற்றி, இன்னொன்றையும் கழற்றி, இரண்டையும் ஓரமாகச் சேர்த்துவைத்து, சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள்ளிருந்து உருவி முக்காடு போட்டாள். "யம்மா, இங்க கழட்டாண்டாம்மா. இது கோயில் இல்ல, காட்சிக்கு வச்சிருக்காங்க. ஆராதனையே கிடையாது." "ஒருகாலத்துல கோயிலா இருந்ததுதான?" "ஆமா." "பொறவு என்ன?" மரப்படி சாக்ஸைத் தாண்டிச் சில்லென்றது. ஊர்க் கோயிலில் இப்படித்தான், வாசலில் செருப்புக் கடலாய்க் கிடக்கும், கிறிஸ்மஸுக்கு யாருடையது யாருடையதோடு கலந்ததென்று ஒரு வாரம் பேச்சு ஓடும். உள்ளே ஆண்பக்கம் பெண்பக்கம் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அவள் தன் பழக்கத்துக்கு இடதுபக்கமாகப் போனாள். இடதுபக்கம். எங்கே திரும்பினாலும் இது. முன்னால் நீளக் கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாய் ஒரு பெரியவர் நின்றார், வாய் தன்னாலே "ஸ்தோத்திரம் ஐயா" என்றது, கையும் கூப்பியது. அவர் திகைத்துப்போய் அவளுடைய சாக்ஸையும் முக்காட்டையும் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை வளைத்தார். "எம்மா, அவரு ஐயர் இல்ல, வேஷம்" என்று பியூலா காதில் சொன்னாள். "இருக்கட்டும். ஸ்தோத்திரம் யாருக்குச் சொன்னாலும் போற இடத்துக்குப் போகும்."

மரப்பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால்போட முட்டி இடம்கொடுக்கவில்லை. கண்ணை மூடினாள். இப்போது கேட்கலாம், இதுதான் இடம், ஆராதனை இல்லாவிட்டால் என்ன, சந்தடி இல்லை. ஆண்டவரே என் மகள் பியூலா, என் வயிற்றில் பிறந்த, போன் வரணும், நல்லபடியா. அதற்குமேல் வார்த்தை நகரவில்லை. நல்லபடியா என்றால் எப்படி. கட்டி சும்மா கட்டியாக இருக்கணும். சரி. அப்படி இல்லாமல் போனால்? அதை நினைத்து ஜெபித்தால் அதற்கு இடம்கொடுத்ததுபோல் ஆகிவிடுமோ. நினைக்காமல் ஜெபித்தால் மறுபடி குடல்புண். கண்ணைத் திறந்தாள். பின்னால் மெல்லிய காலடிச் சத்தம், ஷூச் சத்தம் இல்லை, மெத்தென்று பாதம் பலகையில் படுகிற சத்தம். ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள், நான்குபேரும் சாக்ஸோடு நுனிக்காலில் நடந்து வந்தார்கள், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு. அவர்கள் பின்னால் ஒரு சீனக் கிழவரும் கிழவியும், அவர்களும் சாக்ஸ். அவர்கள் பின்னால் இன்னும் யாரோ. வேஷக்காரப் பெரியவர் வாசலுக்குப் போய்ப் படியை எட்டிப்பார்த்தார், உள்ளே பார்த்தார், தாடியைத் தடவினார். பியூலா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "எம்மா, நீ கழட்டிப்போட்டதப் பாத்து இங்க இதான் சட்டம்னு நெனச்சு எல்லாரும் கழட்டிட்டு வாராங்க. வாசல்ல நம்ம ஊரு மாதிரியே கெடக்கு." ரத்தினபாய்க்கும் சிரிப்பு வந்தது, முக்காட்டை இழுத்து மறைத்துக்கொண்டாள். கடவுளே நான் ஒண்ணுஞ் சொல்லலையே. ஆனாலும் கோயில் சட்டென்று கோயிலைப்போல் ஆகிவிட்டது, ஒருத்தரும் உரக்கப் பேசவில்லை. பெரியவர் அவர்கள் பெஞ்சுக்கு வந்து குனிந்து, நல்ல முகம், பியூலாவிடம் ஏதோ கேட்டு விரலால் படம் எடுக்கிறதுபோல் காட்டினார். உங்கள் போனிலேயே உங்கள் இருவரையும் ஒரு போட்டோ எடுத்துத் தரட்டுமா என்கிறார், அது பாஷை தெரியாமலே விளங்கிற்று. பியூலா சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டி இங்கிலீஷில் பதில் சொன்னாள். ரத்தினபாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. போன், கார் என்கிற வார்த்தைகள் தெரியும். போன் கையில் இல்லை, காரில் இருக்கிறது என்கிறாள்.

காரில் இருக்கிறது. ரத்தினபாய் முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள், வழவழவென்று இருந்தது, எத்தனை பேர் பிடித்த மரம். ஐந்து மாதமாகப் பார்க்கிறாள், சோறு வைத்தால் சோற்றைப் படம் எடுக்கிறவள், மழை பெய்தால் மழையை, அம்மா கோட்டு மாட்டினால் அம்மாவை. இன்றைக்குக் கழுதையைக்கூட எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறவள் அந்தப் போனைக் காரில் போட்டுவிட்டு வருவாளா. போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு அல்லவா அலைவாள், மணி அடிக்குமுன்னே எடுப்பாளே. காரில் இருக்கிறதென்றால் இனிமேல் அது அடிக்கவேண்டியதில்லை. அடித்துவிட்டது. தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, தலை நனையாமல். அப்போதிருந்து, மஞ்சள் வட்டம், குதிரை, கொல்லன் பட்டறை, ஓயாத பேச்சு, எல்லாம் தெரிந்துகொண்டே, அந்த அடுப்புக்காரியைப்போலப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிண்டியிருக்கிறாள். நல்ல செய்தியாக இருந்தால் குளியலறைக் கதவு உடைந்திருக்கும், எம்மா என்று கத்திக்கொண்டு வந்து கழுத்தைக் கட்டியிருப்பாள். இவ்வளவு நேரமும் போன் வரணும் போன் வரணும் என்று கேட்டுக்கொண்டே நடந்தாளே ரத்தினபாய், வந்து முடிந்த போனுக்காக. மறுபடியும் மணத்தக்காளி. நெஞ்சுக்குள் அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை, பெரிய அசதிதான் வந்தது, கைகால் எல்லாம் ஈரத்துணிபோல. வயதானவள், மெல்லிசு, ஜெபம் பண்ணட்டும். அவளை ஜெபத்துக்குள் அனுப்பிவிட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் பியூலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி வழியே வெயில் விழுந்து கன்னத்து மயிர்கூடத் தெரிந்தது, சின்னதில் அம்மை வந்த தழும்பும். சின்னப்பிள்ளையில் பார்த்த அதே முகம்தான். பாவம், எவ்வளவு களைத்திருப்பாள், காலையிலிருந்து சுமந்துகொண்டு. ஆண்டவரே, நான் எழுந்திரிக்கிறேன், என்று மட்டும் சொன்னாள், ஆமென் சொல்ல மறந்துபோயிற்று.

வாசலில் செருப்புக் குவியல் நிஜமாகவே ஊர்க் கோயில்போலத்தான் கிடந்தது, பூட்ஸும் பிள்ளைகளின் விளக்கு எரிகிற ஷூவும் ஒன்றின்மேல் ஒன்றாக. பியூலா கிண்டித் தேடி எடுத்துவந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். "காலை நீட்டும்மா." ரத்தினபாய் மேல்படியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். மகளின் உச்சந்தலை கீழே தெரிந்தது, வகிட்டில் இரண்டு நரை. "போன் எப்பட்டி வந்தது?" பட்டையில் இருந்த கை நின்றது. கர்ரென்று பிரித்தாள், ஒட்டினாள், மறுபடி பிரித்தாள். "என்ன போன்?" "பியூலா." யாரோ சாக்ஸோடு அவர்களைத் தாண்டி இறங்கினார்கள். "காலைல." "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?" ஆமாம் என்று தலை ஆடியது. "ஜெபசிங்குக்கு?" "அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். நீ ஊருக்குப் போறவரைக்கும் சொல்லாண்டாம்னான். நீ தாங்கமாட்டேன்னு. நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். இன்னைக்கு ஒருநாளாவது நீ சும்மா சந்தோசமா..." பியூலாவின் முகம் ரத்தினபாயின் முழங்காலில் வந்து விழுந்தது, கோட்டுத் துணிக்குள் ஒரு சூடு பரவிற்று. "அப்பாவுக்குக் குடல்புண்ணுன்னு சொன்னீங்க" என்றாள் ரத்தினபாய், கோபம் இல்லை, தூக்கக்கலக்கத்தில் பேசுகிறதுபோல் இருந்தது குரல். "எம்மா, அது..." "நானும் குடல்புண்ணுக்கே கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். கடைசிவரைக்கும். ஒங்கப்பாவுக்குன்னு நான் ஒண்ணுமே கேக்கலட்டி. இப்பவும் காலைலேருந்து போன் வரணும் போன் வரணும்னு கேட்டுக்கிட்டே ஒன் பின்னால நடந்தேன்." பியூலா தலையைத் தூக்கவில்லை. ரத்தினபாய் அந்த இரண்டு நரையையும் விரலால் ஓரமாய் ஒதுக்கினாள். "நீ நெனைக்கிற மாதிரி நான் மெல்லிசு இல்ல. அது என்னதுன்னு சொல்லு." "கேன்சர்தாம்மா." "அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. அதுலயும் தினுசு தினுசா பேர் இருக்கும்லா. ஒனக்கு வந்ததுக்கு என்ன பேரு?" பியூலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள், நீளமான இங்கிலீஷ் பேர், ரயில்போல மூன்று பெட்டி. "ஒவ்வொண்ணாச் சொல்லு." முதல் பெட்டியைச் சொன்னாள். ரத்தினபாய் திருப்பிச் சொன்னாள். "அப்படி இல்லம்மா" என்று பியூலா திருத்தினாள். மறுபடி சொன்னாள். நாக்கு மடங்கவில்லை. படியில் பெரியவரும் வந்து நின்று, என்ன பாடம் நடக்கிறதென்று தெரியாமல், ஆளுக்கு ஆள் ஷூ தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ரெண்டாவதைச் சொல்லு" என்றாள் ரத்தினபாய். முக்காடு நழுவி விழுந்திருந்தது, எடுத்துப் போடவில்லை. கண்ணைத் திறந்தபடியே மகளின் உதட்டைப் பார்த்து, அது அசைகிற மாதிரியே தன் உதட்டையும் அசைத்து, ஒவ்வொரு துண்டாக வாங்கிக்கொண்டிருந்தாள்.